பல்பு மங்கும் நேரம்

கணினி அணைந்து தானாக மறுபடி எழும்போது முதலில் சிறிதாக ஒரு 'டிக்' கேட்கும். பிறகு உள்ளேயிருக்கும் விசிறி பெருமூச்சு விடுவதுபோல் சுழலத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து அறையிலிருந்து என் கணவர், "போச்சா?" என்று மட்டும் கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. அதுவரை அடித்திருந்த செய்தி போயிருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு மலையகத்தின் லிந்துலை, அக்கரப்பத்தனைப் பகுதியின் செய்தியாளராக இருந்தேன். தொண்ணூறுகள் முழுவதும் செய்திகளைக் கையால் எழுதி, பஸ் ஏறி லிந்துலை பஜாருக்குப் போய், ஃபேக்ஸில் அனுப்பினேன். ஞாயிறு இதழில் எங்கள் பகுதிக்கு அரைப்பக்கம் தந்திருந்தார்கள். ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம், பாலம் உடைந்ததால் நின்றுபோன பஸ், தண்ணீர்க் குழாய் வராத லயத்து வரிசை வீடுகள், இவையெல்லாம் அதில் வரும். அந்த அரைப்பக்கம் இல்லாவிட்டால் மண்சரிவு நாட்களில் மட்டும்தான் எங்கள் ஊர்ப்பெயர்கள் அச்சில் வரும்.

ஒரு நாள் செய்தி ஆசிரியர் பஜாரில் நான் ஃபேக்ஸ் அனுப்பும் மின்சாமான் கடைக்குத் தொலைபேசி எடுத்து என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து கையெழுத்துப் பிரதி வேண்டாம், எல்லாம் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் வர வேண்டும் என்றார். நுவரெலியாச் செய்தியாளர் ஏற்கெனவே அப்படித்தான் அனுப்புகிறார். எனக்கு முடியாவிட்டால் அரைப்பக்கத்தை அவரே தயாரிக்கட்டும், நான் என் செய்திகளை அவரிடம் கொடுக்கலாம். குரலில் பகை எதுவும் இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் குரல்தான்.

நுவரெலியாக்காரர் நல்லவர். ஆனால் அவருக்கு நகரசபையும் மரக்கறிச் சந்தையும் ஏப்ரல் வசந்த விழாவும் இருந்தன. அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள லயத்தில் குழாய் வறண்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினியை வாங்கினோம். வைக்க இடம் இருந்தது முன்னறையில்தான். என் கணவர் தோட்ட ஆபீசில் கிளாக்கர், ஆகவே எங்களுக்கு ஸ்டோருக்குக் கீழே ஒரு குவாட்டர்ஸ். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். பகலில் நான் செய்திக்காக வெளியே போய்விடுவேன். எழுத உட்காருவது அந்தி நேரத்தில், இல்லாவிட்டால் விடிவதற்கு முன்.

தமிழில் தட்டச்சு பழகுவது கடினமாக இருக்கவில்லை. கடினம் வேறு. நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே கணினி நின்று, மறுபடி தானாகத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், மூன்றாம் நாள் நிற்கும். ஒருமுறை முழுச் செய்தியையும் பிளாப்பி வட்டில் பதிந்துகொண்டிருந்தபோது நின்றது. விஷயம் தெரியாமல் அந்த வட்டைக் கொண்டுபோய்ப் பஜாரிலிருந்து அனுப்பினேன். கோப்பு திறக்கவில்லை என்று கொழும்பிலிருந்து சொன்னார்கள். முதலில் மின்னஞ்சலில் அனுப்பிய செய்தியே அப்படி ஆயிற்று.

லிந்துலை பஜாரின் அந்த மின்சாமான் கடை முதலாளியிடம்தான் எல்லாவற்றுக்கும் போவோம். அவருடைய தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். டீவி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி விற்பார். கடையின் ஒரு மூலையில் தொலைபேசியும், இணையத்துக்கென்று ஒரே ஒரு கணினியும் இருந்தன. அவர் கேட்டுவிட்டு, பனி என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் மலையில் அது நம்பக்கூடிய தீர்ப்பு. மழைக்காலத்தில் அலமாரியில் சேலை பூஞ்சணம் பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு வைப்போம். அதேபோல் கணினிப் பெட்டிக்குப் பக்கத்திலும் ஒரு பல்பை எரியவிட்டேன். பெட்டி சூடாயிற்று. நிற்பது நிற்கவில்லை.

பிறகு கணினியைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, கடைக்கே கொண்டுபோனேன். அவர் அதை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை. திருப்பித் தரும்போது, "மெஷின்ல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. ஒங்க வீட்டுலதான் என்னமோ இருக்கு" என்றார்.

இதைக் கேட்ட என் கணவர் மறுநாள் ஆபீசிலிருந்து வரும்போது எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் நூலில் கோத்துக் கொண்டுவந்து கணினித் திரையின் மேல் தொங்கவிட்டார். "லொறிக்கெல்லாம் கட்டுறாங்க. ஒன்னோட வண்டிக்கும் கட்டியாச்சு, ரிப்போட்டரம்மா" என்றார். அன்று அந்தியில் அது எலுமிச்சம்பழத்துடனேயே நின்றது.

மாதம் முடியப் போகிறது. அடுத்த தடவை கடைக்குப் போனபோது, கணினி பற்றித் தமிழில் பேசும் ஒரு இணையக் களத்தில் என் கேள்வியை எழுதினேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்த தமிழர்கள் அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். என் கேள்வி இதுதான்: கணினி அடிக்கடி தானாக நின்று மறுபடி தொடங்குகிறது, என்ன காரணம், அவசரம், உடனே பதில் தரவும்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒருவர் வைரஸ் என்றார். ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொன்னார். இன்னொருவர் வேறு கணினி வாங்கச் சொன்னார். நான்காவதாக எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் குளிர் நாட்டில் இருந்தாரோ, பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சாகவே இருந்தது.

"அக்கா, இதே கேள்வியை உங்களுக்கு முதலே எத்தினையோ பேர் இஞ்சை கேட்டிருக்கினம். ஒண்டையாவது வாசிச்சுப் பார்த்தனீங்களோ? டொக்டரிட்டைப் போய் 'ஏலாமல் கிடக்கு' எண்டு மட்டும் சொன்னால் அந்தாள் என்ன மருந்து தாறது? எப்ப நிக்குது, எங்கை நிக்குது, அதுக்கு முதல் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்து பார்த்தனீங்கள்? முதல்லை தேடுங்கோ. கிடைக்காட்டி இதெல்லாத்தையும் எழுதிக்கொண்டு வாங்கோ."

என் தோளுக்குப் பின்னால் நின்று முதலாளியும் வாசித்துவிட்டார். "ஊரையே கேள்வி கேக்குற ஆளு நீங்க. ஒங்களையே ஒருத்தன் மடக்கிட்டானே" என்று சொல்லிவிட்டு, கிரைண்டர் கேட்டு வந்தவரைக் கவனிக்கப் போனார்.

கோபம் வந்தது. அது பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரும்வரை இருந்தது. பிறகு அந்தக் கேள்விகளைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எப்போது, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது. விபத்து என்று ஒற்றை வரி அனுப்பினால் செய்தி மேசை என்னிடம் கேட்கும் அதே கேள்விகள். எந்தப் பஸ், எந்த வளைவு, மழையா, எத்தனை பேர் என்று கேட்காமல் நான் எந்த ஊரிலிருந்தும் திரும்பியதில்லை. என் முன்னறையில் நடக்கும் ஒன்றை மட்டும் நான் செய்தியாகவே பார்க்கவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் செய்தியாக எழுத உட்கார்ந்தேன். கணினியில் இல்லை, தாளில்தான். எங்கே என்பதற்கு, வீட்டில் நிற்கிறது, கடையில் நிற்கவில்லை என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அது சாட்சியம் என்று தெரிந்தது. முதலாளி சொன்னபோது அது எனக்கு வெறும் சமாதானமாகத்தான் பட்டது. எப்போது என்பதற்கு முதலில் 'அடிக்கடி' என்று எழுதி, உடனே கோடு போட்டு அடித்தேன். செய்தியில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. யோசித்து, 'அந்தியில், சோறு வைக்க எழும் நேரத்தில். சில நாள் விடியுமுன்' என்று எழுதினேன்.

அடுத்த நாள் கடையில், களத்துக்குத் திரும்பிப் போகாமல், தேடத் தொடங்கினேன். கணினி வேலை செய்யவில்லை என்று தேடினால் உலகத்தில் உள்ள அத்தனை பழுதும் வந்தது. தானாக நின்று தொடங்குகிறது என்று மாற்றினேன், கொஞ்சம் குறைந்தது. ஒவ்வொரு பக்கமும் திறக்கிற நேரத்தில் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். எனக்குப் பின்னால் தொலைபேசிக்குக் காத்திருந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள். கடைசியாக, நிற்கும் நாளெல்லாம் ஒரே பொழுதில் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடினேன். கேட்கும் சொற்கள் கூர்மையானதும் விடைகள் சிலவாகின. அதில் ஒரு பக்கம், மரம் அரியும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் யாரோ ஒருவர் எழுதியது. அவருடைய கணினியும் அப்படியே. அவருக்குப் பதில் எழுதியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அது நிற்கும்போது உங்கள் வீட்டு விளக்கு மங்குகிறதா?



எங்கள் குவாட்டர்ஸில் பல்பு மங்கும். ஒவ்வொரு அந்தியும் மங்கும். அந்திக் கொழுந்து எடைபோட்டு முடிந்து ஸ்டோருக்குள் போனதும், கொழுந்தை வாட்டுகிற பெரிய காற்றாடிகளை ஓடவிடுவார்கள். அந்தக் கணத்தில் ஸ்டோரைச் சுற்றியுள்ள வீடுகளில் பல்பு ஒருமுறை சிவந்து, சுருங்கி, மீண்டும் எழும். விடியுமுன் கொழுந்து உருட்டும் மெஷின்களைத் தொடங்கும்போதும் அப்படித்தான். அதை யாரும் பழுது என்று நினைத்ததில்லை. அது எங்கள் மணிக்கூடு. அந்தியில் பல்பு மங்கினால் பெண்கள் உலை வைப்பார்கள். விடியலில் மங்கினால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிறவர்களை எழுப்புவார்கள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் அதைப் பார்த்துத்தான் சோறு வைக்கிறேன்.

'சோறு வைக்க எழும் நேரத்தில்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். ஏன் அந்த நேரத்தில் எழுகிறேன் என்று மட்டும் கேட்கவில்லை.

ஆனால் ஊகம் செய்தியாகாது. பல்பு தினமும் மங்குகிறது. கணினி தினமும் நிற்பதில்லை. இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தபடி, "ஸ்ட்ரைக் நேரத்துல ஒழுங்கா ஓடுச்சே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. கணினி வந்த புதிதில் சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. பழகுவதற்காக அந்தச் செய்திகளைக் கணினியிலும் அடித்துப் பார்த்தேன். அவ்வளவு நீளமான செய்திகளை அதற்கு முன் நான் எழுதியதில்லை. ஒரு வரிகூடப் போகவில்லை. மலையில் யாரும் கொழுந்து எடுக்கவில்லை, ஸ்டோர் பூட்டிக் கிடந்தது.

"அப்ப கொழுந்து கூடின நாள்ல மட்டும் நிக்குதாங்க?" என்று கேட்டேன். கொழுந்து கூடினால் அத்தனை காற்றாடியும் ஓட வேண்டும். குறைந்தால் ஒன்றிரண்டு போதும். ஆபீசில் இருப்பவர் அவர், அன்றன்றைய கொழுந்து எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும்.

இப்படிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர் அந்தியில் வந்ததும் கொழுந்து கூடவா குறைவா என்று மட்டும் சொல்வார். பல்பு மங்குவதற்கு முன்பே நான் கணினி நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிட வேண்டும். நடந்து முடிந்த பிறகு காரணம் சொல்வது யாருக்கும் வரும்.

முதல் நாள் மழை. கொழுந்து குறைவு என்றார். நிற்காது என்றேன். பல்பு இலேசாகத் துடித்தது, கணினி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் வெயில் வந்து, பெண்கள் கூடை நிறைய எடுத்திருந்தார்கள். நிற்கும் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஸ்டோர்ப் பக்கமிருந்து காற்றாடிகளின் முழக்கம் எழும்பியது. பல்பு சிவந்தது. 'டிக்'.

"குறி சொல்றவ மாதிரியில்ல சொல்ற" என்றார்.

மூன்றாம் நாளும் நான் சொன்னபடியே நடந்தது. அதற்குப் பிறகு அவர் பந்தயத்துக்கு வரவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கழற்றி அவரே வெளியே எறிந்தார்.

காரணம் கிடைத்துவிட்டது, மருந்தும் அதே மரஆலைக்காரரின் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பெரிய மெஷின்கள் கரண்டை இழுத்து வீட்டு மின்சாரம் விழும் கணத்தில் தன் பேட்டரியிலிருந்து கணினிக்குக் கொடுக்கும் யூ.பி.எஸ். பெட்டி. அதைத் தேடி ஹட்டன் டவுனுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பஜார் முதலாளி பில் போடுகிற கணினிக்குக் கீழே ஒன்று இருந்தது. மேசைக்கடியில் அதன் பச்சை விளக்கை நான் பலதடவை பார்த்திருக்கிறேன்.

அவரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வீட்டில் நிற்கிறது, இங்கே நிற்கவில்லை, ஏனென்றால் இங்கே ஸ்டோர் இல்லை. பல்பு, கொழுந்து, வேலைநிறுத்தம், மூன்று அந்தியும் முன்கூட்டியே சொன்னது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பனி என்று தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காதைச் சொறிந்துகொண்டார்.

"சரி, எடுத்துட்டுப் போங்க. ஓடுச்சுன்னா ஒங்களுக்குப் புதுசு ஒண்ணு வரவழைச்சுத் தாறேன். ஓடலைன்னா நாளைக்கே கொண்டாந்துருங்க, கரண்டு போனா நான் கையால பில்லு எழுதணும்."

அந்த மாதத்தின் கடைசி வியாழன் மாலைக்குள், புது மாதத்தின் முதல் அரைப்பக்கம் மின்னஞ்சலில் கொழும்பு போய்ச் சேர வேண்டும். யூ.பி.எஸ். பெட்டியை நான் வீட்டில் இறக்கியது புதன் பகலில். அன்று நல்ல வெயில். கொழுந்து எப்படி என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை; தலைச்சுமையும் லொறியுமாக ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. வேண்டுமென்றே அந்தி வரைக்கும் காத்திருந்து எழுத உட்கார்ந்தேன். குழாய் வறண்ட லயத்தின் செய்தியைத்தான் முதலில் அடித்தேன். சேமிக்கவில்லை.

முழக்கம் எழுந்தது. பல்பு மங்கியது. மேசைக்கடியில் பெட்டி 'பீப்' என்று ஒருமுறை கத்தியது. திரையில் என் வாக்கியம் நின்ற இடத்திலேயே நின்றது. வரியின் நுனியில் அந்தச் சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் அடுத்த சொல்லை அடித்தேன்.

பக்கத்து அறையிலிருந்து, "போச்சா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னது அதுதான் முதல்முறை.

வியாழன் காலையில் பிளாப்பி வட்டோடு பஜாருக்குப் போனேன். மின்னஞ்சல் போனது. சற்று நேரத்தில் செய்தி ஆசிரியரே கடைக்குத் தொலைபேசி எடுத்தார். கோப்பு திறந்தது, எழுத்து ஒழுங்காக இருக்கிறது, நுவரெலியாவிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை என்றார். கடைசியாகச் சொன்னதை அவர் இரண்டுமுறை சொன்னாரா, நான்தான் இரண்டுமுறை கேட்டேனா என்பது இப்போது நினைவில்லை. ஞாயிறு இதழில் அரைப்பக்கம் வந்தது. மேலே வலப்பக்கத்தில் குழாய்ச் செய்தி. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அது என் பக்கமாகவே இருந்தது. அரைப்பக்கத்தைக் கேட்டு யாரும் வரவில்லை, நானும் யாரிடமும் என் செய்தியைக் கொடுக்கவில்லை.

அரைப்பக்கம் அச்சானதும் இன்னொரு வேலை பாக்கியிருந்தது. களத்தில் என் கேள்வி இன்னும் அப்படியே கிடந்தது. 'அவசரம்' என்று நான் போட்ட சொல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதை அழிக்க வழியிருந்தது, அழிக்கவில்லை. அதன் கீழே விடையை எழுதினேன். செய்தி எழுதுகிற முறையிலேயே எழுதினேன். முதல் வரியில் காரணம், பிறகு எங்கே, எப்போது, எப்படித் தெரிந்தது, எதைப் பார்த்து ஏமாந்தேன், எந்த மருந்து பலித்தது. மரஆலைக்காரரின் பக்கத்துக்கு வழியும் கொடுத்தேன். பனிக்காகப் பல்பு வைத்ததையும் விடவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பற்றி எழுதவில்லை, அது குடும்ப விஷயம்.

யாழ்ப்பாணத்துக்காரரிடமிருந்து பதில் வந்திருந்தது. "இதெல்லோ கேள்வி, இதெல்லோ பதில். பல்பைப் பார்த்துச் சோறு வைக்கிற ஊரை நான் இப்பதான் கேள்விப்படுறன் அக்கா. இனி ஆரும் இந்தக் கேள்வியோடை வந்தால் உங்கடை எழுத்தைத்தான் காட்டுவன்."

அவர் சொன்னதைச் செய்தார். சில மாதங்கள் கழித்து, நெல் ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் அதே களத்தில் வந்து, கணினி தானாக நிற்கிறது, அவசரம், உடனே பதில் தரவும் என்று எழுதினார். அதன் கீழே யாழ்ப்பாணத்துக்காரரின் முதல் பதில்: "முதல்லை மலையகத்து அக்கா எழுதினதை வாசியுங்கோ." அடுத்த நாள் அந்த நெல் ஆலைக்காரர் இரண்டே சொல்லில் எழுதியிருந்தார். பல்பு மங்குகிறது.

முதலாளி சொன்னபடி புதிய யூ.பி.எஸ். ஒன்றை வரவழைத்துத் தந்தார். ஸ்டோருக்குக் கீழேயிருந்த குவாட்டர்ஸ்களில் கணினி வாங்கியவர்களுக்கெல்லாம் பிறகு அவர் அதையும் சேர்த்தே விற்றார். பனி என்ற பேச்சை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தியில் பல்பு மங்குவதை நாங்கள் இப்போது பார்ப்பதில்லை. பெட்டி கத்தும். நான் எழுதிக்கொண்டே இருப்பேன். என் கணவர் பக்கத்து அறையிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போவார்.

"நான் ஒலை வைக்கிறேன், நீ அடி" என்பார்.